பெரியப்பா கேரளத்துக்குக் கவர்னரான கோடை

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு செய்தியைப் போட்டாள். ஏதோ ஒரு மாநிலத்துக்குப் புது ஆளுநர் வருகிறாராம். அதற்குக் கீழே இன்னொருத்தி, "நம்ம ஊர் கவர்னருக்கு எந்த மாநிலம்டி?" என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். மளமளவென்று எல்லோரும் சிரித்தீர்கள். முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயதாகியும், பேரன் பேத்தி எடுத்தும், உங்களுக்கு அது இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கோடையில் உங்கள் எல்லோருக்கும் முன்னால் சிரித்தவள் நான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று உங்களில் ஒருத்திக்கும் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பெரியப்பா என் அப்பாவுக்கு உடன்பிறந்த அண்ணன். அனுமந்தன்பட்டியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரே கிணறு. எங்கள் அப்பாவுக்குக் கம்பத்தில் ஏலக்காய்க் கமிஷன் கடை. பெரியப்பாவுக்குக் கட்சி. டெல்லிக் கட்சி. ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ. ஆனார். அதற்கப்புறம் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றார். ஊரே கொடியை மாற்றிக் கட்டியபோதும் அவர் மாற்றவில்லை. "பெண்டாட்டியவே மாத்தல, கட்சிய மாத்துவனா?" என்பார். பெரியம்மா செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். அவளைத்தான் நான் அக்கா என்று சொல்கிறேன். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன்.

பெரியப்பாவிடம் நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டு இருந்தது. உள்ளே கணக்கு கிடையாது. ஆளுநர்களின் பெயர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த மனிதர் அதற்கு முன்னால் என்னவாக இருந்தார் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பேப்பரில் வருவதை வெட்டி ஒட்டியிருப்பார், பசைக்குச் சோற்றுப் பருக்கை. நோட்டைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும், அந்துப்பூச்சி பறக்கும். விடுமுறை நாட்களில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் கேட்பார்.

"வெள்ளைக்காரன் காலத்துல கவர்னரு எதுல வந்தான்?"

"கப்பல்ல."

"சுதந்திரம் வந்த புதுசுல?"

"ராசா வீட்டு ஆளுக, பெரிய பெரிய ஆபீசருக, பட்டாளத்துக்காரக."

"அதுக்கப்புறம்?"

"எலெக்‌ஷன்ல தோத்தவுக!"

பொட்டுக்கடலை உருண்டை ஒன்று கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பெயராகப் போவோம். இவர் மத்திய மந்திரி, தோற்றார், கவர்னர். இவர் முதல் மந்திரி, நாற்காலிச் சண்டை போட்டார், சண்டையைத் தீர்க்க அவரைக் கவர்னராக்கி ஊர் கடத்தினார்கள். இவர் நீதிபதி. இவர் சும்மா இருந்தார், விசுவாசமாகச் சும்மா இருந்தார், கவர்னர். டெல்லியில் ஆட்சி மாறினால் ஒரே நாளில் மூட்டை கட்டியவர்களும் அந்த நோட்டில் உண்டு. அவர்கள் பெயரை மட்டும் பெரியப்பா சிவப்பு மையால் அடித்திருப்பார்.

"பாத்தியா ஆத்தா, செயிச்சவனுக்கு அஞ்சு வருசம் தொகுதி. தோத்தவனுக்குத்தான் ராஜ்பவன். ஆனா ஒண்ணு, சொந்த மாநிலத்துல போட மாட்டாக. பக்கத்து மாநிலந்தான் நமக்கு."

நமக்கு என்று அவர் சொன்னதை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா எங்கள் அப்பாவை நாலு பேர் முன்னால் 'தராசுக்காரன்' என்றுதான் சொல்வார். "எந்தம்பி ஏலக்காய மோந்து பாத்து வெல சொல்லுவான், நாட்டு நடப்பு என்னான்னு கேட்டா முழிப்பான்" என்பார். அப்பா பல்லைக் காட்டுவார். அந்தப் பல்லுக்குப் பின்னால் என்ன அரைபட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அக்காவுக்கு அந்தச் சித்திரையில் வெற்றிலை மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை மார்க்கையன்கோட்டைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வைகாசியில் முகூர்த்தம். நிச்சயத்தன்று பந்தியில் தண்ணீர் வைக்கப் போன அக்காவிடம் அவர் மெதுவாக, "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது என்று இவள் தலையாட்ட, "நான் சொல்லித் தாரேன்" என்றாராம். இந்த ரெண்டு வாக்கியத்தை அக்கா என்னிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கே இல்லை. தலையணை உறையில் பூப்பின்னல் போடும்போது சொல்வாள், கிணற்றில் வாளி இறக்கும்போது சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். அவள் வேறு எதற்குமே ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

டெல்லியில் அப்போதுதான் ஆட்சி மாறி, பெரியப்பாவின் கட்சி திரும்ப வந்திருந்தது. அங்கங்கே ஆளுநர்களை மாற்றுகிறார்கள் என்று தினமும் பேப்பரில் வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அப்பாவின் கடையில் இருந்தேன். பெண்கள் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், கடை முழுக்க மூக்கை அறுக்கிற வாசனை. அப்பாவும் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் இரண்டு பேரும் ட்ரங்க் கால் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டெல்லியில் எங்கள் சரக்கை வாங்குகிற சேட்டுக்குத்தான் கால். லைன் கிடைத்ததும் அப்பா விலை பேசவில்லை. ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். கவர்னர் என்ற வார்த்தையும் கேரளா என்ற வார்த்தையும் எனக்குப் புரிந்தன. கூட்டாளிகள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். அப்பா போனை வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளி, "பெரியப்பாகிட்டச் சொல்லாத. தந்தி வந்ததும் ஒரு நாள் வேடிக்க பாப்போம், அன்னிக்குச் சாயந்தரமே நானே சொல்லிருவேன்" என்றார்.

தந்தி ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை காலையில் வந்தது. கேரள ஆளுநர் பதவிக்குத் தங்கள் பெயர் பரிசீலனையில் உள்ளது, தயாராக இருக்கவும், இப்படிக்கு நலம் விரும்பி. புறப்பட்ட இடம் புது டெல்லி என்று அச்சில் இருந்தது. போதாதா? பெயர் போடாததே அது மேலிடத்து ரகசியம் என்பதற்கு அத்தாட்சி என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். நோட்டை எடுத்து, கேரளத்துப் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா சாயந்தரம் சொல்லியிருப்பார், சத்தியமாகச் சொல்லியிருப்பார் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் சாயந்தரத்துக்குள் ஊர் புகுந்துவிட்டது. தபால்காரர் ஐந்து ஊருக்குச் சொல்லிவிட்டார். பாளையத்திலிருந்து, சின்னமனூரிலிருந்து, கூடலூரிலிருந்தெல்லாம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மாலையோடு வந்து இறங்கினார்கள். எதற்குத் தெரியுமா? வேறு எந்தச் சீமையிலாவது ஒருவர் கவர்னர் ஆனால் பிள்ளைக்கு வேலை கேட்பார்கள். நம் ஆட்கள் தண்ணீர் கேட்டார்கள். பெரியாறு அணையில் மட்டத்தைக் குறைத்திருந்த காலம் அது. முதல் போகத்துக்குத் தண்ணீர் வருமா வராதா என்று பள்ளத்தாக்கு முழுக்க வயிற்றில் நெருப்பு.

"அண தேங்கி நிக்கிறது அங்கிட்டு. அங்கிட்டுக் கவர்னரு நம்ம ஆளு. அப்புறம் என்னய்யா, மதகு நம்ம மடியில!" என்றார் கூடலூர்க்காரர் ஒருவர். ஆளுநருக்கும் மதகுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை ஆளுநர்களின் சரித்திரத்தையும் எழுதி வைத்திருந்த பெரியப்பாவும் கேட்கவில்லை. "பொறுங்கப்பா, போயி உக்காந்த மறுநாளு மொதக் கையெழுத்து அதுதான்" என்றார்.

மனுக்கள் குவிந்தன. 'உயர்திரு கேரள மாகாணக் கவர்னர் அவர்கள் சமூகத்துக்கு' என்று எழுதி, மூலையில் மஞ்சள் தடவி. கூடை கூடையாகக் கறுப்புத் திராட்சை வந்து, வீட்டுக்குள் ஈ மொய்த்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். குமுளிப் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருவர் தினமும் பஸ் ஏறி வந்து பெரியப்பாவுக்கு மலையாளம் சொல்லிக் கொடுத்தார். உத்தமபாளையத்து டெய்லர் கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, கக்கம் நனைந்து, பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் அப்பாவும் ஒரு மாலையோடு போய் நின்றார். "அண்ணே" என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. பெரியப்பா அவரைக் கட்டிப் பிடித்து அழுதார். "இனிமே ஒன்னயத் தராசுக்காரன்னு சொல்ல மாட்டேன்டா" என்றார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வார் அப்பா?

பத்து நாள் கழித்து, கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றுவது பற்றிப் பேச மாப்பிள்ளையின் அப்பா மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்தார். வயசாளி, கால் நடையாக வந்த தூசியோடு நின்றார். வாசலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். உட்காருங்கள் என்று பெரியப்பா சொல்லவில்லை.

"சம்பந்தி, பந்தக்காலுக்கு நாளு குறிச்சிருக்கு..."

"கல்யாணம் இப்ப இல்ல" என்றார் பெரியப்பா. "நான் பதவியேத்த பெறகு பாப்போம். திருவனந்தபுரத்துல ராஜ்பவன்ல வச்சு. ஆமா, ஒங்க மகன் வாத்தியாரு, ராஜ்பவனுக்கு எந்த வாசல் வழியா வருவாரு? சைக்கிள எங்கன நிறுத்துவாரு?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. நானும் சிரித்தேன். கதவிடுக்கில் அக்காவின் கண் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

அந்தப் பெரியவர் தோள் துண்டை எடுத்து உதறினார். "எம்மகன் ஒரே தடவ பரீச்சை எழுதி, பாசாகி, வேலைக்குப் போனவன். மூணு தடவ தோத்தவன் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பெரியப்பா எழுந்து, "இனி அந்த வாசல்ல எம்மக கால் வைக்க மாட்டா!" என்று கத்தினார். ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. எப்படித் திரும்ப அள்ளுவது?

அன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து, "சித்தப்பா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அப்பா கேப்பாக. மாப்ள வீட்டுக்காரக காலுல வேணாலும் விழுந்து கூட்டிட்டு வந்துருங்க சித்தப்பா. எனக்கு ராஜ்பவன் வேணாம்" என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பொறு ஆத்தா. ரெண்டு நாளுல எல்லாம் சரியாப் போகும்" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா போனதும் அம்மாவிடம் தந்தி சங்கதியைச் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நிமிடம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் தொடையைப் பிடித்துத் திருகினாள், ரத்தம் கட்டிவிட்டது. "இது ஒன் வாயில இருந்து இன்னொரு தடவ வந்துச்சு, நாக்குல சூடு வச்சிருவேன். ஒங்கப்பன நடுத்தெருவுல நிறுத்தப் பாக்குறியா?" என்றாள். நல்ல மனுஷி என்றுதானே நீங்கள் எல்லோரும் எங்கள் அம்மாவைச் சொல்வீர்கள்? நல்ல மனுஷிதான்.

செய்தி ரேடியோவில் வந்தது. சாயந்தரச் செய்தி கேட்க பெரியப்பா வாசலில் தினமும் கூட்டம் கூடும். அன்றைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேரளத்துக்குப் புதிய ஆளுநர் என்று வடக்கத்திப் பெயர் ஒன்றை வாசித்தார்கள். தேர்தலில் தோற்ற முன்னாள் மந்திரியாம். பெரியப்பாவின் கணக்கு தப்பவே இல்லை பாருங்கள், ஆள்தான் வேறு. வானிலை அறிக்கையும் முடிந்தது. பிறகு எவனோ ஒருத்தன், "அப்ப மதகு?" என்றான். அங்கே பிடித்தது சிரிப்பு.

நம் ஊரின் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். மறுநாளே ஒரு கழுதைக்கு வெள்ளைத் துணி போர்த்தி, மாலை போட்டு, கழுத்தில் 'கவர்னர்' என்று அட்டை கட்டி அவர் வாசலில் விட்டார்கள். மாலை போட்ட அதே ஆட்கள்தான். கூடலூர்க்காரர் வந்து திராட்சைக் கூடையைத் திரும்பக் கேட்டார். பழம் போனால் போகிறது, கூடையைக் கொடு என்றார். பிள்ளைகளான நாம் என்ன செய்தோம்? அவர் கிணற்றடிக்கு வந்தால் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். எனக்கு மட்டும் விஷயம் தெரியும் என்ற திமிர் எனக்கு. பெரியப்பா என்னைப் பார்த்து, "நீயுமா ஆத்தா?" என்று கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அணையில் தண்ணீரை யாரும் கேட்காமலேயே திறந்துவிட்டார்கள், நடவும் நடந்தது.

குறித்த அதே முகூர்த்தத்தில் வாத்தியாருக்குத் தேவதானப்பட்டியில் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்தார்கள். மார்க்கையன்கோட்டைக்குப் போகிற கார் எங்கள் தெருவுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தது. மேளக்காரர்களை எங்கள் வாசலில் நிறுத்திக் கால் மணி நேரம் வாசிக்க வைத்தார்கள். பெரியப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா மட்டும் ஜன்னலில் நின்று பார்த்தாள். வாத்தியார் தலையைக் குனிந்திருந்தார், பக்கத்தில் அந்தப் பெண் பவுடர் அப்பிய முகத்தோடு வேடிக்கை பார்த்தது.

அன்றோடு அக்கா தன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சமைப்பாள், தட்டை வைப்பாள், பேச மாட்டாள். 'கவர்னர் மக' என்ற பெயரோடு அவளை யார் கட்டுவார்கள்? வந்த ஒன்றிரண்டு பேரும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா பத்தொன்பது வருடம் அந்த மௌனத்துக்குள்ளேயே இருந்து செத்தார். நோட்டை அவரே அடுப்பில் போட்டுவிட்டார் என்று கேள்வி. செத்த வீட்டில் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பாதான் விழுந்து விழுந்து அழுதார். நல்ல தம்பி என்று ஊர் பேசியது.

அப்பாவுக்குக் கடைசியில் பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். எனக்கு மதுரையில் வேலை, பிள்ளைகள் படிப்பு. அக்காதான் வந்து பார்த்துக்கொண்டாள். "எங்கப்பா எம்பொழப்பக் கெடுத்தாரு, சித்தப்பாதான் எனக்கு அப்பா" என்று எல்லோரிடமும் சொல்வாள். என்னிடமும் சொன்னாள். வாய் கோணிப் படுத்திருந்த அப்பா அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். பாசம் என்று அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் சும்மா நின்றேன், கிணற்றடியில் நின்ற அதே கால்களோடு.

குழுவில் நீங்கள் சிரித்த மறுநாள் பஸ் ஏறினேன். எனக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எந்த நேரமும் ஆகலாம். சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்றுதான் போனேன், அவளுக்காக இல்லை. அக்காவுக்கு எழுபது ஆகப்போகிறது. அதே வீட்டில் தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்து, "வா புள்ள, சாப்பிட்டியா?" என்றாள். உட்கார்ந்து, கடை, ட்ரங்க் கால், சேட்டு, தந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன்.

அவள் உருவிய காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"சித்தப்பாவா?"

"ஆமாக்கா. எங்கப்பாதான்."

"ஏழு மாசம் பீ மூத்திரம் அள்ளுனேன்டி அந்த மனுசனுக்கு."

காம்பைத் தட்டில் போட்டாள்.

"எங்கப்பா சாகுறப்ப தண்ணி கேட்டாரு. 'ஆத்தா, ஒரு வாய்'னாரு. அங்கன அடுப்படியிலதான் நின்னேன், கையில சொம்பு இருந்துச்சு. எம்பொழப்பக் கெடுத்த வாய்க்குத் தண்ணி எதுக்குன்னு கீழ ஊத்திட்டேன். யாருக்கும் சொன்னதில்ல."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கீரையைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இம்புட்டு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவதான நீ" என்றாள். "நான் சாகுற வரைக்கும் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"